நாலு போத்தல் ஓடைத் தண்ணீர்

டங், டங், டங், டங், டங்!

கிருஷ்ணகுமாரியின் கையிலிருந்த சிரட்டை நழுவி, ரப்பர் பால் அவள் காலில் சிந்தியது. கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் தொங்கும் தண்டவாளத் துண்டை யாரோ வெறிபிடித்து அடித்துக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஒரு தடவை, வெட்டிய பாலை எடுக்க ஒரு தடவை. அந்த இரும்புக்கு அதற்கு மேல் வேலை கிடையாது. கடைசியாக அது நேரங்கெட்ட நேரத்தில் அடித்தது, அரநாயக்கப் பக்கம் மலை சரிந்த வருசம்.

'மண்ணு சரிஞ்சிருச்சா?' என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. மகள் ஷாமிளா ஏழு மாத வயிற்றோடு லயத்தில் படுத்திருக்கிறாள்.

பாதி நிறைந்த பால் வாளியை ஒரு கையிலும் வெட்டுக் கத்தியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினாள். இடுப்பில் கட்டியிருந்த சின்ன அமோனியாப் போத்தல் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. மேகம் கட்டும் நாட்களில் அது இல்லாமல் யாரும் மலைக்குப் போவதில்லை. சிரட்டையில் விழுகிற பால், ஷீட் எடுக்கிற ஸ்டோருக்குப் போய்ச் சேரும் முன்னமே திரைந்துவிடும். கெட்டுப்போகாமல் இருக்கச் சிரட்டைக்கு ரெண்டு சொட்டு அமோனியா. இருபத்திரண்டு வருசமாக அவள் விரல்கள் அதை யோசிக்காமலே செய்துவருகின்றன.

பாதி வழியில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒரு பெண்ணின் அலறல்.

மண் சரியவில்லை. லயத்து வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றது. முன்கண்ணாடி சிலந்தி வலையாக நொறுங்கியிருந்தது. டிரைவர் ஹிஷாம் நெற்றியைப் பொத்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். விரல்களுக்கு நடுவே இரத்தம் வழிந்து சட்டைக் கொலரை நனைத்தது. வேன் கதவோடு முதுகை ஒட்டி, நெஞ்சில் ஒரு ஃபைலை அணைத்தபடி இஸ்ரா மிஸ் நின்றாள். தண்ணீர் பரிசோதிக்கிற ஆபீசிலிருந்து வருகிறவள், மாவனல்லைப் பெண், 'சொல்' என்பதை 'செல்' என்கிற பேச்சு. எதிரே லயத்து ஆண்கள் முப்பது பேர். எல்லாருக்கும் முன்னால் மதுசன், கையில் அடுத்த கல்லோடு.

"வாங்கிட்டா! காரீயக் குழிக்காரன்கிட்டக் காசு வாங்கித் தின்னுட்டா!" என்று அவன் கத்தினான். இருபத்தைந்து வயது. போன மாதம் அவனுடைய கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போட்டு, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தது.

"கல்லக் கீழ போடு மதுசன்!" கிருஷ்ணகுமாரி மூச்சு வாங்கினாள். "என்னங்க நடந்திச்சு?"

அவள் புருசன் கந்தையா வேனின் மூக்கில் கை ஊன்றி நின்றான். ஸ்டோரிலிருந்து அப்படியே வந்திருக்கிறான். ரப்பர் பூட்ஸும் ஆசிட் கறை பட்ட முன்துணியும் கழற்றப்படவில்லை. திரும்பியே பார்க்காமல் சொன்னான்.

"தண்ணி சுத்தமாம்."



மேலே மலை முதுகில் காரீயச் சுரங்கம். பென்சிலுக்குள் இருக்கிற அந்தக் கறுப்பை ஆயிரம் அடிக்குக் கீழே போய்த் தோண்டுகிறார்கள். நல்லது கப்பலேறிவிடும். கழித்த கல்லும் மண்ணும் மேடாகக் குவியும், கழுவிய சேறு ஒரு குளத்தில் தேங்கும். மழைக்குக் குளம் வழியும். வழிந்தது ஓடையில் சேரும். அந்த ஓடையிலிருந்துதான் லயத்தார் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குக் குழாய் வருகிறது.

இரண்டு வருசத்துக்கு முன்னால் குளத்தைப் பெரிதாக்கினார்கள். அதன் பிறகு பீலித் தண்ணீரில் தேயிலைச் சாயம் போட்டால் மை மாதிரிக் கறுத்தது. சோறு பழுப்பாக வெந்தது. அலுமினியக் குடங்கள் அடியில் ஊசித் துளை விட்டன. பிள்ளைகளின் விரலிடுக்கெல்லாம் புண். ஷாமிளா பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த நாளிலிருந்து, அவளுக்கு மட்டும் கிருஷ்ணகுமாரி ஒரு மைல் ஏறி ஊற்றுத் தண்ணீர் சுமக்கிறாள், காலையில் ஒரு கேன், சாயந்தரம் ஒரு கேன். குளிக்கவும் துவைக்கவும் அதே பீலிதான், வேறு எங்கே போவது?

ஆனால் தண்ணீரின் குணத்தை முதலில் கண்டுபிடித்தது ரப்பர் பால்தான். ஸ்டோரில் ஆசிட் கலக்கிற ஆள் கந்தையா. பாலில் தண்ணீர் சேர்த்துத் தட்டில் ஊற்றி, அளவாக ஆசிட் விட்டால், சில மணி நேரத்தில் அது தயிர் மாதிரி உறையும். பிறகு உருளையில் விட்டு ஷீட் எடுப்பார்கள். ஒரு நாள் கந்தையா ஆசிட் ஜக்கை எடுக்கத் திரும்புவதற்குள் தட்டில் பால் கட்டியாகிக் கிடந்தது. அடுத்த நாளும் அப்படியே. ஆசிட் செலவு பாதியாகிவிட்டதென்று தோட்டத்துத் துரைக்கு ஒரே சந்தோசம். 

"ஆசிட் போடாம பால் ஒறையுதுன்னா, ஆசிட்டு தண்ணியிலேயே வருதுன்னு அர்த்தம் புள்ள" என்று கந்தையா அன்றைக்குச் சாப்பிடும்போது அவளிடம் சொன்னான். ரொட்டியைப் பிய்த்த கை அப்படியே நின்றது. "இதத்தான நாம குடிக்கிறோம்."

மனு எழுதினான். ஆபீஸ் ஆபீஸாக ஏறினான். மூன்று தடவை ஆட்கள் வந்தார்கள். மூன்று தடவையும் வெயில் நாளில், சுரங்கத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு. ஒவ்வொரு தடவையும் முதல் நாளே மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு குளத்தில் இறங்கியது. ஆசிட் ஏறிப் புளித்த தண்ணீரைச் சுண்ணாம்பு சாதுவாக்கிவிடும். அந்த மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டுகிறவன் வேறு யாருமில்லை, கிருஷ்ணகுமாரியின் தம்பி சசி. குளத்துக்குக் காவலும் அவன்தான், மதகு திறப்பதும் அவன்தான். தாய் செத்த பிறகு அவன் இவர்களுடைய லயத்து அறையில், ஒரே காம்பராவில்தான் தங்கியிருந்தான். நகக்கண்ணிலிருந்து சுண்ணாம்பு போகவே போகாது.

மச்சான்மார் இருவருக்கும் சோற்றுத் தட்டு முன்னால் தினமும் இழுபறி.

"அந்தக் கையால என் வீட்டுச் சோத்தத் தொடாத!"

"சோத்துல உப்புக் கம்மியா இருக்கு மச்சான், சுண்ணாம்பு போட்டாவது திம்போமேன்னு பாத்தேன்."

"பல்ல ஒடைப்பேன். கேட்டுக்க, வகுத்துப் புள்ளைக்காரி குளிக்கிற தண்ணி அது."

"நான் தொறக்கலைன்னா வேற ஒருத்தன் தொறப்பான். குழி மூடுனா இந்த லயத்துல எத்தன வீட்டு அடுப்பு அவியும்னு எண்ணிப் பாத்தீங்களா? மதுசன் அண்ணன் ரெண்டு பேரும் அங்கதான் எறங்குறாங்க."

நான்காவதாக வந்தவள்தான் இஸ்ரா. சுரங்கத்துக்குச் சொல்லாமல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கந்தையா பேசியதை முழுசாகக் கேட்டாள். ஸ்டோரில் உறைந்த தட்டைத் தொட்டுப் பார்த்தாள். நான்கு போத்தல்களைக் கொடுத்தாள். மழை பெய்து குளம் வழிகிற நேரத்தில், மேட்டடியில் ஒன்று, ஓடையில் ஒன்று, குழாய் வாயில் ஒன்று, பீலியில் ஒன்று பிடிக்க வேண்டும். மூன்று முறை அலசி, காற்றுப் போகாமல் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். எல்லாம் சொன்னாள். அந்த வாரமே அடைமழை பிடித்தது. கந்தையா நனைந்து நனைந்து நான்கையும் நிரப்பிக்கொண்டு வந்தான். பாதை சேறாகி, அதற்கு மேல் வெசாக் பண்டிகை லீவும் சேர்ந்துகொள்ள, மிஸ் வந்து எடுத்துப்போக மூன்று நாளாயிற்று. அதுவரை போத்தல்கள் கட்டிலுக்கடியில் சாக்கு மூடி இருந்தன.

அது நடந்து இரண்டு வாரம். இன்றைக்குத்தான் பதில் வந்திருக்கிறது.

"நான் செல்றதக் கொஞ்சம் கேளுங்க" என்றாள் இஸ்ரா.  "நாளைக்கு அரசாங்கக் கச்சேரியில கூட்டம் ஈக்குது. அங்க போய் நீங்க ஏமாறக்கூடாதெண்டுதான் முன்னுக்கே வந்தேன். தண்ணி சுத்தமெண்டு நான் செல்லவே இல்ல. ரிப்போட்ல புளிப்பு வரல்ல எண்டுதான் சென்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே!" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

கந்தையா நிமிர்ந்தான். போய்ப் பீலியில் ஒரு பாத்திரம் தண்ணீர் பிடித்தான். மனைவியின் வாளியிலிருந்து ஒரு சிரட்டை பால் மொண்டு அதில் ஊற்றினான். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பால் வெள்ளையாகப் பரவி, பிறகு பொரிப் பொரியாகத் திரிந்து, ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் கட்டியாக மிதந்தது. அவன் அதைக் கையால் அள்ளி இஸ்ராவின் ஃபைல் மேல் சப்பென்று அடித்தான்.

"இதுக்கு என்ன பேரு மிஸ்? எங்க ரப்பர் பாலு பொய் சொல்லுமா? ஒங்க மிசினு மட்டும்தான் உண்ம பேசுமா?"

"ஒங்கட பால் பொய் செல்லல்ல." இஸ்ரா கன்னத்தில் தெறித்ததைத் துடைத்தாள். "போத்தல்தான் பொய் செல்லுது. மூடியத் தொறந்ததும் மூக்க அடிச்சிச்சி. நாலு போத்தல்லயும் அமோனியா. புளிப்பெல்லாம் செத்து, இரும்பு துருவா அடியில படிஞ்சி கெடந்திச்சி. மனுப் போட்டவங்களே தண்ணியக் கெடுத்துக் குடுத்தீக்கிறாங்க எண்டு கம்பெனி எழுதிட்டு. நாளைக்கு ஃபைல மூடிருவாங்க. குளத்துக் கட்ட இன்னும் பத்தடி ஒசத்துறதுக்கும் கேட்டீக்கிறாங்க."

அமோனியா.

கிருஷ்ணகுமாரியின் கை தானாக இடுப்புக்குப் போனது.

மழை ஊற்றிக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை. கந்தையா தலையைத் துவட்டியபடி சொன்னது காதில் விழுந்தது: 'பத்தரமா வையி புள்ள. கெட்டுப்போகாம வைக்கணும்னு மிஸ் பலமுற சொன்னாங்க.' அவன் ஸ்டோருக்குப் போய்விட்டான். மிஸ் வர நாளாகும் என்று தெரிந்ததும் அவளுக்குப் பதைப்பு. இவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடித்த தண்ணீர் கெட்டுப்போனால்? மூடிகளைத் திறந்தாள். போத்தலுக்கு ரெண்டு சொட்டு. பால் மாதிரி இல்லை, மூன்று நாள் தாங்க வேண்டுமே என்று இன்னும் ரெண்டு. பிறகு இன்னும் கொஞ்சம். தண்ணீர் கலங்கி, துருத் துருவாக ஏதோ அடியில் இறங்கியது. கசடு நின்றுவிட்டது, நல்லதுதான் என்று நினைத்து இறுக்கி மூடினாள்.

வாயைத் திறந்தாள். 

"போத்தல் யாரு வீட்டுல இருந்திச்சு?" என்று மதுசன் மெதுவாகக் கேட்டான். கல்லைக் கீழே போட்டுவிட்டான். அதுதான் பயமாக இருந்தது. "கந்தையாண்ணே, ஒங்க காம்பராவுலதானே? அங்க வேற யாரு படுக்குறது?"

முப்பது தலைகளும் ஒரே நேரத்தில் லயத்துக் கடைசியில் இருந்த அந்தத் தொங்கல் காம்பராவின் பக்கம் திரும்பின.

இரவு வேலை முடித்து வந்த சசி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். கதவு உதைபட்டுத் திறந்தது. ஷாமிளா "மாமாவ விடுங்க!" என்று கத்துவது கேட்டது. அவனைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். தலை படியில் இரண்டு தடவை மோதியது. எழுந்திருக்கப் பார்த்தவனின் முகத்தில் மதுசனின் முழங்கால் இறங்கியது. பல் ஒன்று தெறித்து, உறைந்த பால் கட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது.

"என்னடா... எதுக்குடா..."

"அமோனியா ஊத்துனியாடா நாயே?"

சசி பதில் சொல்வதற்குள் ரப்பர் விறகுக் கட்டை முதுகில் விழுந்தது. பிறகு விலாவில். ஒருவன் அடித்துக் களைத்தால் இன்னொருவன் வாங்கிக்கொண்டான். அவன் காவலிருக்கும் அதே ஷிப்டில் சுரங்கத்தில் இறங்குகிறவர்களும் அடித்தார்கள். அவர்கள்தான் ஓங்கி அடித்தார்கள். தாங்கள் எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டியிருந்தது.

"அடிக்காதீங்க! அவன் இல்ல!" கிருஷ்ணகுமாரி உள்ளே பாய்ந்தாள். யாரோ தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்கள்.

"தம்பிப் பாசம்! அவன் இல்லைன்னா வேற யாரு? நீயா?"

அந்தக் கேள்வி அவள் முகத்துக்கு நேரே நின்றது. ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல்லுக்குப் பிறகு இந்தக் கட்டைகள் யார் பக்கம் திரும்பும்? வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஷாமிளாவைப் பார்த்தாள். இரண்டு வருசம் நாயாக அலைந்த கந்தையாவைக் கண்ணால் தேடினாள். 

கந்தையா ஸ்டோரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தான். அவன் போனதை யாரும் கவனிக்கவில்லை. கையில் ஆசிட் ஜக்கு. தண்ணீர் கலக்காதது.

"அவன நிமித்துங்க."

கூட்டம் கொஞ்சம் விலகியது. இரண்டு பேர் சசியை முட்டி போட வைத்துத் தோளை அமுக்கினார்கள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. மறு கண்ணால் ஜக்கைப் பார்த்தான்.

"கந்தையாண்ணன், அல்லாவுக்காக!" என்று இஸ்ரா முன்னால் வந்தாள். ஹிஷாம் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"வீட்டுக்குள்ள வச்சு சோறு போட்டேன்டா" என்றான் கந்தையா. சத்தமே இல்லாமல் பேசினான். "பேரப்புள்ளைக்கு வெஷம் வச்சிருக்கியே. எந்தக் கையால ஊத்துன? சொல்லு. வலதா, எடதா?"

சசி வாயில் ஊறிய இரத்தத்தைத் துப்பினான்.

"எந்தக் கைடா?"

சசியின் ஒற்றைக் கண் கூட்டத்தைத் தாண்டி அக்காள் மேல் வந்து நின்றது. ஒரு மூச்சு நேரம். கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டான். நகக்கண்ணில் சுண்ணாம்பு ஏறிய வலது கை மடியில் மலர்ந்து கிடந்தது.

கந்தையா ஜக்கைச் சாய்த்தான்.

அப்படி ஒரு சத்தத்தை அந்த லயம் அதற்கு முன் கேட்டதில்லை. பிடித்திருந்தவர்கள் கையை விட்டுவிட்டுப் பின்னால் குதித்தார்கள். கூர்மையான புளிப்பு நெடி எழுந்து கண்ணை எரித்தது. சசி மண்ணில் புரண்டான். கந்தையா மறுபடி ஜக்கைத் தூக்கினான். இந்தத் தடவை முகத்துக்கு.

கிருஷ்ணகுமாரி தன் கையில் வாளி இன்னும் இருப்பதை அப்போதுதான் உணர்ந்தாள். சுழற்றி வீசினாள். வாளியின் விளிம்பு கந்தையாவின் காதோரம் பட்டது. ஜக்கு பறந்தது. அவன் முழு நீளத்துக்கு விழுந்தான். பாதிப் பால் அவன் தலையிலும் முகத்திலும் கொட்டியது. மீதிப் பாலை அவள் தம்பியின் கை மேல் கவிழ்த்தாள். வேறு என்ன ஊற்றுவது? பீலித் தண்ணீரும் புளிப்புத்தானே.

ஆசிட்டில் பட்ட பால் நொடியில் திரைந்தது. விரல்களைச் சேர்த்து இறுக்கி, மணிக்கட்டு வரைக்கும் வெள்ளைக் கையுறை மாதிரி உறைந்து நின்றது. உள்ளே கை கிடந்து துடித்தது.

கந்தையா முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். புருவத்தில் பால் உறைந்து ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை. காதிலிருந்து இரத்தம் வெள்ளையில் கோடு போட்டது.

"ஏன்டி?" என்று கேட்டான். "துரோகிக்கா?"

அவள் தம்பியின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"வேன்ல ஏத்துங்க" என்றாள் இஸ்ரா.

ஹிஷாம் நெற்றியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். "இவங்க கல்லால அடிச்ச வேன்லயா மிஸ்?"

"ஏத்துங்க ஹிஷாம் நானா."

நொறுங்கிய கண்ணாடியில் ஒரு துண்டைத் தள்ளி, அந்த ஓட்டை வழியாகப் பாதையைப் பார்த்து அவர் வேனை ஓட்டினார். மழை பிடித்துக்கொண்டது. ஓட்டை வழியே சாரல் வந்து எல்லார் முகத்திலும் அடித்தது. அக்காளின் மடியில் தலையை வைத்துக் கிடந்த சசி பல்லைக் கடித்துக்கொண்டே வந்தான். எதிரே பொலிஸ் ஜீப் ஒன்று லயத்துப் பக்கம் ஏறிப் போனது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி கத்தரிக்கோலோடு வந்து அந்தக் கையைப் பார்த்துத் திகைத்தாள். "மே மொகத?" இது என்ன என்று கேட்டாள். "ரப்பர், மிஸ்ஸி" என்று கிருஷ்ணகுமாரி சிங்களத்தில் விளக்கினாள். அந்த உறையை அங்குலம் அங்குலமாக வெட்டி உரித்தார்கள். சில இடங்களில் அதோடு தோலும் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு விரல் சந்தேகம், மற்றது தப்பிக்கும் என்றார். ஊசி போட்ட பிறகு சசி கண்ணை மூடினான்.

பகல் மூன்று மணிக்குப் பொலிஸ்காரர் ஒருவர் புத்தகத்தோடு வந்தார். கந்தையாவும் மதுசனும் ஸ்டேஷனில் உள்ளே இருக்கிறார்கள் என்றார். "கவுத கெஹுவே?" யார் அடித்தது என்று சசியிடம் கேட்டார்.

"யாரும் அடிக்கல சேர். ஸ்டோருல வழுக்கி விழுந்தேன். ஆசிட் கொட்டிருச்சு." சிங்களத்தில் சுத்தமாகச் சொன்னான். பொலிஸ்காரர் உடைந்த பல்லையும் முதுகு வரியையும் பார்த்தார். எதையோ எழுதிக்கொண்டு போனார்.

வார்டு வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் இஸ்ரா உட்கார்ந்திருந்தாள். ஹிஷாமுக்கு ஐந்து தையல், உள்ளே படுத்திருந்தார். அவள் சட்டைக் கையில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. முழங்காலில் அதே ஃபைல்; அட்டையில் ரப்பர் கட்டி ஒட்டிக் காய்ந்திருந்தது. கிருஷ்ணகுமாரி அவள் பக்கத்தில் போய் நின்றாள், உட்காரவில்லை.

"மிஸ், இனி அந்தத் தண்ணிய மறுபடி எடுக்க ஏலாதா?"

"ஏலும்க்கா. ஆனா இந்த ரிப்போட்ட கென்சல் செய்யணும். போத்தல்ல அமோனியா எப்புடி வந்திச்சி, யார் போட்டதுண்டு நாளைக்குக் கூட்டத்துல நான் செல்லணும். வேணுமெண்டு கெடுத்ததா, தெரியாம நடந்ததா எண்டு தெரிஞ்சாத்தான் திரும்ப எடுக்க விடுவாங்க. தெரியாட்டி முடிஞ்சி. கட்ட ஒசத்திருவாங்க." அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "ஒங்கட தம்பி வாயத் தொறக்க மாட்டேங்குறார்."

கிருஷ்ணகுமாரி இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்தாள். சின்ன அமோனியாப் போத்தலை எடுத்து ஃபைல் மேல் வைத்தாள்.

"அவன் இல்ல மிஸ். நான்."

இஸ்ரா நிமிர்ந்து பார்த்தாள்.

"கெட்டுப்போகாம வைக்கணும்னு நீங்க சொன்னதா அவரு சொன்னாரு. எங்களுக்குப் பால் கெட்டுப்போகாம இருக்க இதத்தான் விடுவோம். வேற வழி எனக்குத் தெரியாது. ரெண்டு சொட்டுன்னு ஆரம்பிச்சு நெறைய விட்டுட்டேன். காலையில நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவன அடிக்கிறத பாத்துக்கிட்டே வாய மூடிக்கிட்டு நின்னேன் மிஸ். ஆசிட்ட ஊத்துற வரைக்கும் நின்னேன்." அவள் அழவில்லை.  "எழுதிக்கங்க. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். லயத்துலயும் சொல்றேன். கட்டைய என் மேல தூக்கட்டும்."

இஸ்ரா அந்தப் போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"'கெட்டுப்போகாம' எண்டு சென்னது நான்தான்" என்றாள் மெதுவாக. "குளிரான எடத்துல வைங்க எண்டு மட்டும் செல்லீக்கலாம்." பேனாவை எடுத்தாள். பிறகு நிறுத்தினாள். "ஆனா இத அவங்க நம்ப மாட்டாங்கக்கா. தம்பி அவங்கட கம்பெனி ஆளு, புருசன் உள்ளுக்கு ஈக்குறார். ரெண்டு பேரையும் காப்பாத்த நீங்க கதை கட்டுறீங்க எண்டு செல்லுவாங்க. நீங்க விட்டத யாராச்சும் பாத்தாங்களா? ஒரு சாட்சி ஈந்தா போதும்."

"ஷாமிளா பக்கத்துக் காம்பராவுல இருந்தா. அவரு ஸ்டோருல. சசி ராத்திரி வேல முடிஞ்சு தூங்கிக்கிட்டு இருந்தான்." கிருஷ்ணகுமாரி தலையை ஆட்டினாள். "யாரும் பாக்கல மிஸ்."

"நான் பாத்தேன்."

இருவரும் திரும்பினார்கள். வாசலுக்குப் பக்கத்துக் கட்டிலில் சசி கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தான். துணி சுற்றிய கை நெஞ்சின் மேல் இருந்தது. உதடு வீங்கியிருந்ததால் சொற்கள் மெல்ல மெல்ல வந்தன.

"எழுதிக்கங்க மிஸ். போர்வைக்குள்ள முழிச்சுக்கிட்டுதான் கெடந்தேன். அமோனியா விட்டா அந்தப் புளிப்பு செத்துப்போகும்னு அக்காவுக்குத் தெரியாது, தெனம் சுண்ணாம்பு கொட்டுற எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் பேசாம படுத்திருந்தேன்."